பயந்து வந்தவர் நிம்மதியாகப் போகிறார், உதவியாளர் வேலையை விட்டே போகிறார்

கேள்வி, ஜூன் 3

பல் சிகிச்சை என்றாலே நடுங்குபவர்களை அன்பாகக் கவனிக்கும் கிளினிக் என்று எங்களுக்கு நல்ல பெயர் இருக்கிறது. நோயாளிகள் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். உதவியாளர்கள்தான் நிலைப்பதில்லை. சம்பளத்தில் குறை வைக்கவில்லை, வேலை நேரமும் நியாயமானதுதான். இன்னும் கொஞ்சம் பொறுமையும் புன்னகையும் பழக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். அப்படிப் பயிற்சி கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

ஜூன் 3, இரவு

புன்னகைக்குப் பயிற்சி கொடுத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடுவார்கள்.

நான் பல் மருத்துவர் இல்லை. மருத்துவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தே பல ஆண்டுகள் ஓட்டியவள். இப்போது நேர ஒதுக்கீடும் பணியாளர் பொறுப்பும் என் தலையில். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவதைச் சொல்கிறேன்.

பயந்து வந்தவர் நாற்காலியில் சாய்ந்ததும் முதலில் தேடுவது மருத்துவரின் முகத்தை அல்ல. மருத்துவர் முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வாய்க்குள் பார்த்துக்கொண்டிருப்பார். நோயாளியின் கண் உதவியாளர் பக்கம் திரும்பும். கையைப் பிடிப்பது அவளை, "முடிந்துவிட்டதா?" என்று கண்ணால் கேட்பது அவளிடம். அவளோ ஒரு கையால் உறிஞ்சியைப் பிடித்திருப்பாள், மறுகையால் அடுத்த கருவியை நீட்டுவாள், மருத்துவரின் முனகலிலிருந்து அவருக்கு என்ன வேண்டும் என்று ஊகிப்பாள், இதற்கு நடுவில் தன் முகத்தில் பதற்றம் தெரியாமலும் பார்த்துக்கொள்வாள். கடைசியில் சொன்னது ஒரு தனி வேலை. அதைச் செய்தாள் என்பதற்கு எந்தக் கோப்பிலும் ஒரு வரி கூட இருக்காது.

ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, 1983 இல் இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். உள்ளே ஒன்றிருக்க வெளியே வேறொன்றைக் காட்டிக்கொண்டே இருப்பது மனிதரைத் தேய்க்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். உங்கள் பயிற்சி அந்தத் தேய்மானத்தைத்தான் கூட்டப் போகிறது.

என் பதில் இதுதான்: நாற்காலியில் இருக்கும் பயம் கரைந்து போவதில்லை, கை மாறுகிறது. எந்தக் கைக்கு மாறுகிறது என்று பாருங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

ஜூன் 4

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். போனவர்கள் எல்லாரும் உதவியாளர்களா, வரவேற்பு மேசையில் இருந்தவர்களும் உண்டா? இரண்டுக்கும் காரணம் வேறு. மேசையில் இருப்பவருக்குப் பயம் கோபமாக வந்து சேரும். "ஏன் இவ்வளவு நேரம்?", "போன தடவை ஏன் வலித்தது?", "நான் வரவில்லை, ரத்து செய்யுங்கள்." நாற்காலியில் கண்ணீரோடு கையைப் பிடித்துக்கொள்ளும் அதே மனிதர், பத்து நிமிடம் முன்னால் மேசையில் நகத்தால் தாளம் போட்டுக்கொண்டு எரிந்து விழுந்திருப்பார். உள்ளே இருக்கும் மருத்துவருக்கு அவர் பாவம். வெளியே இருக்கும் பெண்ணுக்கு அவர் பாவமாகத் தெரிய வேண்டுமென்றால், அவர் பயந்தவர் என்று அவளுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 5

"முன்கூட்டியே எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்கிறார். கேட்டால் தெரியும். இதற்கென்று கேள்வித்தாள்களே இருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் நார்மன் கோரா 1969 இல் நான்கு கேள்விகளில் ஒன்றை உருவாக்கினார். அதில் டிரில் இருந்தது, பல் சுத்தம் செய்வது இருந்தது, ஊசி இல்லை! பயப்படுபவர்களில் பலர் ஊசிக்காகவே பயப்படுகிறவர்கள் என்பது எந்த உதவியாளரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். 1995 இல் ஹம்ஃப்ரிஸும் அவரோடு இருந்தவர்களும் ஊசியைப் பற்றிய ஐந்தாவது கேள்வியைச் சேர்த்துத் திருத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 5 முதல் 25 வரை வரும். 19 அல்லது அதற்கு மேல் போனால் கடுமையான பயம் என்று கொள்வார்கள். காத்திருக்கும் நேரத்தில் நிரப்பிவிடலாம். இப்படிக் கேட்பதால் பயம் கூடுவதில்லை என்றும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

தாள் முக்கியமில்லை, அது எங்கே போகிறது என்பதே முக்கியம். நான் பார்த்த ஓர் இடத்தில் எல்லாரிடமும் அக்கறையாக நிரப்பி வாங்குவார்கள். பிறகு கோப்பில் கடைசிப் பக்கமாகச் செருகிவிடுவார்கள். 23 மதிப்பெண் வாங்கியவர் நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கும்போது உதவியாளருக்கு அது புதுச் செய்தியாக இருக்கும். அந்தத் தாளை நோயாளி உள்ளே வருவதற்கு முன் படிக்க வேண்டியவர்கள் மூன்று பேர்: மருத்துவர், உதவியாளர், நேரம் ஒதுக்குபவர். மூன்றாவது ஆளைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 23 என்று தெரிந்தும் அவருக்கும் மற்றவர்களுக்குத் தரும் அதே அரை மணி நேரத்தைத் தந்தால், அந்தத் தாளை நிரப்பச் சொன்னது வெறும் மரியாதை நிமித்தம்.

மதிப்பெண் எவ்வளவு பயம் என்று சொல்லும், எதற்குப் பயம் என்று சொல்லாது. அமெரிக்காவின் சியாட்டிலில் ஆய்வாளர் பீட்டர் மில்க்ரம் குழுவினர் பயந்தவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். குறிப்பிட்ட ஒன்றுக்கு, ஊசிக்கோ டிரில்லின் சத்தத்துக்கோ, அஞ்சுபவர்கள் ஒரு வகை. உடம்புக்கு ஏதோ ஆகிவிடும், மூச்சு நின்றுவிடும் என்று அஞ்சுபவர்கள் ஒரு வகை. எதற்குமே பதறும் சுபாவம் உள்ளவர்கள் ஒரு வகை. பல் மருத்துவர்களையே நம்பாதவர்கள் ஒரு வகை. முதல் மூன்று வகையினரோடு வேலை செய்தால் களைப்பு வரும். நான்காவது வகையினர் வந்துபோனால் மனம் கசந்துவிடும். நீங்கள் செய்வது ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பார்ப்பார், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார். முன்பு எங்கோ அவர் பேச்சை யாரும் காதில் வாங்காமல் சிகிச்சை செய்திருப்பார்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். அவரிடம் அன்பைக் கொட்டினால் சந்தேகம் கூடும். எதைச் செய்யப் போகிறீர்கள், ஏன், வேறு என்ன வழி, இன்றே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று வெறும் தகவலாகச் சொன்னால் இறங்கி வருவார். உதவியாளருக்கும் அது சுலபம். தகவல் சொல்ல முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

ஜூன் 7

சில நாளாக மனதைப் பற்றியே பேசுகிறோம். கொஞ்சம் மரப்பு ஊசியைப் பற்றிப் பேசுவோம். பணியாளர் நலனுக்கு நான் பார்த்ததில் மிகப் பெரிய உதவி, ஊசி போட்டபின் பொறுமையாகக் காத்திருக்கும் மருத்துவர்.

மேல்தாடையில் பல்லருகே போட்ட ஊசி இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு நரம்பருகே போடும் ஊசி அப்படியல்ல, கூடுதல் நேரம் எடுக்கும். உதடு மரத்துவிட்டது என்பதால் பல்லின் உள்ளே மரத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதுவும் பல்லுக்குள் நரம்பு ஓடும் கூழ் கடுமையாக வீங்கி, இரவெல்லாம் தூங்கவிடாமல் துடித்துக்கொண்டு வந்த பல்லாக இருந்தால், சரியாகப் போட்ட ஊசியே கூடத் தோற்கும். அது மருத்துவரின் திறமைக் குறைவும் அல்ல, நோயாளியின் நடிப்பும் அல்ல. குளிர்ச்சி வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் வேறு இடத்தில் கூடுதலாக மருந்து போட வேண்டும். சோதிக்காமல் டிரில்லை வைத்தால் நோயாளி அலறுவார். அந்த அலறலில் மருத்துவர் கையை எடுத்துவிடுவார். உதவியாளர் எங்கே போவாள்? நோயாளியின் நகம் அவள் மணிக்கட்டில் பதிந்திருக்கும்.

இன்னொன்று. மரப்பு மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின் சிலருக்கு நெஞ்சைப் படபடக்க வைக்கும். "ஊசி போட்டதும் ஒரு நிமிடம் நெஞ்சு வேகமாக அடிக்கலாம், மருந்தின் வேலை அது, தானே அடங்கிவிடும்" என்று முன்னால் சொன்னால் முடிந்தது. சொல்லாவிட்டால் உடம்புக்கு ஏதோ ஆகிவிடும் என்று அஞ்சும் அந்த இரண்டாம் வகையினர், இதோ வந்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மூச்சை வேகமாக இழுக்கத் தொடங்குவார்கள், விரல் நுனியும் வாயோரமும் கூசும், அதைப் பார்த்து இன்னும் பயப்படுவார்கள். ஒரு வாக்கியம் சொல்லாததற்குப் பதினைந்து நிமிடத் தண்டனை. அதில் பதினான்கு நிமிடம் உதவியாளருக்கு.

ஜூன் 8

"எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும்." இதைச் சொல்லாத உதவியாளரை நான் பார்த்ததில்லை. கீழ்த்தாடையில் நரம்பருகே போடும் ஊசியைப் பற்றி இப்படிச் சொன்னால், அந்த நோயாளி இனி உங்களையும் நம்பமாட்டார், எறும்பையும் நம்பமாட்டார்.

"வலிக்கவே வலிக்காது" என்பதும் அதே ரகம். பொய்யானால் நம்பிக்கை போயிற்று, உண்மையானாலும் வலி என்ற எண்ணம் தலைக்குள் ஏறிவிட்டது. "முதலில் ஈறில் களிம்பு தடவுகிறோம், பிறகு ஓர் அழுத்தம் தெரியும், சில நொடி சுருக்கென்று இருக்கலாம், மெதுவாகத்தான் போடுவோம்." இவ்வளவு போதும். களிம்பு வேலை செய்ய ஈறைத் துடைத்து உலர்த்தி, ஒன்றிரண்டு நிமிடம் விட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். எச்சில் ஊறிய ஈறில் தடவி உடனே ஊசியைக் குத்துவது வெறும் சடங்கு.

இந்த வாக்கியங்களை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு எல்லாரும் அதையே சொல்வது பணியாளருக்கும் நல்லது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக ஆறுதல் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மனமுருகிப் பேசுவதைக் காட்டிலும் பழகிய சொல்லைப் பழகிய தொனியில் சொல்வது பாதிக் களைப்பு. கேட்பவருக்கும் அதுதான் திடமாகத் தெரியும்.

ஜூன் 11

"சிரிப்பு வாயு வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் தீர்ந்தது" என்று ஒரு நண்பர். தீரும், உங்கள் நோயாளிக்கு. உங்கள் பணியாளருக்கு என்ன ஆகும் என்று சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை, எனக்குப் பிடித்தது.

ஹோரஸ் வெல்ஸ் ஒரு பல் மருத்துவர். 1844 டிசம்பரில் ஒரு கேளிக்கை நிகழ்ச்சியில், சிரிப்பு வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் இருந்ததைப் பார்த்தார். மறுநாளே அந்த வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். பிடுங்கியவர் ஜான் ரிக்ஸ். வலிக்கவில்லை. சில வாரங்களில், 1845 ஜனவரியில், பாஸ்டனில் பலர் முன்னிலையில் செய்து காட்டினார். நோயாளி கத்திவிட்டார், கூட்டம் ஏளனம் செய்தது. வாயுப் பையைச் சற்று முன்னதாகவே எடுத்துவிட்டதுதான் காரணம் என்று வெல்ஸே பிற்பாடு சொன்னார். ஏழாம் தேதிக் குறிப்பில் நான் புலம்பியதும் இதைத்தான். பாவம், அன்று அந்த மேடையில் உதவியாளர் என்று யாராவது இருந்திருந்தால் அவர் நிலையை நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது இந்தச் சிரிப்பு வாயு, நல்ல மருந்துதான். சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் இறங்கும், நோயாளி விழித்தபடியே தளர்ந்து கிடப்பார், முடிவில் சில நிமிடம் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்து எழுப்பிவிடலாம். ஆனால் அவர் மூச்சில் வெளியே விடும் வாயு அறையில்தான் இருக்கும். அவர் அரை மணி நேரம் முகர்கிறார். உதவியாளர் நாள் முழுக்க, வருடம் முழுக்க முகர்கிறாள். அந்த வாயு உடம்பில் வைட்டமின் பி12 ஐச் செயலிழக்க வைக்கும். 1992 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கழிவு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு இல்லாத இடங்களில் வாரத்துக்கு 5 மணி நேரமோ அதற்கு மேலோ இந்த வாயுவோடு வேலை பார்த்த பெண் உதவியாளர்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. உறிஞ்சும் அமைப்பு இருந்த இடங்களில் அப்படி இல்லை. வாயு கொடுக்கும் நேரத்தில் அறைக்காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு நிமிடத்துக்கு சுமார் 45 லிட்டர் இழுக்கும் கழிவு வாயு உறிஞ்சி வேண்டும், மூக்கில் கச்சிதமாகப் பொருந்தும் முகமூடி வேண்டும், குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பயம் கை மாறுகிறது என்று சொன்னேன். இங்கே அது சுவாசப்பைக்கே மாறுகிறது.

ஜூன் 12

"அப்படியானால் வாயுவே வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை ஐயா. அந்தக் கழிவு வாயு உறிஞ்சி இல்லாமல் வேண்டாம் என்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நோயாளி பேசினால் வாய் வழியாக வாயு அறைக்குள் வரும். ஆகவே வாயு ஓடும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. நாமோ உதவியாளர்களை "பேசிக்கொண்டே இரு, அவர் கவனத்தைத் திருப்பு" என்றுதான் பழக்கியிருக்கிறோம். அவளும் அன்பாக, "எங்கே வேலை செய்கிறீர்கள், எத்தனை குழந்தைகள்?" என்று கேட்பாள். ஒவ்வொரு பதிலும் அவள் முகத்தருகே. வாயு ஓடும்போது நீங்கள் பேசலாம், அவர் பதில் சொல்லத் தேவையில்லாத விதமாகப் பேசுங்கள். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டியிருந்தால் இன்னும் நல்லது, வாய் மூடினாற்போல் ஆகிவிடும். (எல்லாருக்கும் அது ஒத்துக்கொள்ளாது. மூச்சு முட்டுமோ என்று அஞ்சுபவருக்கு ரப்பரே பூதம்.)

ஜூன் 15

கை தூக்கும் சைகையைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம் என்ற ஒப்பந்தம். எனக்குத் தெரிந்து இதற்கு இணையான மருந்து இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள்.

ஒன்று, தூக்கினால் உண்மையாகவே நிறுத்த வேண்டும். "இதோ, ஒரே ஒரு நொடி" என்று தொடர்ந்தால் ஒப்பந்தம் செத்தது. அதற்குப் பிறகு கை மேலே போகாது, மருத்துவரின் கையைத் தட்டிவிடத்தான் போகும். சுழலும் டிரில்லோ ஊசியோ அந்தக் கையில் இருக்கும்போது தட்டினால் யாருக்குக் குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரத்தத்தின் வழியே பரவும் பி வகை மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி இருக்கிறது, எல்லாரும் போட்டிருக்கிறோம், சரி. குத்திய அன்று இரவு தூக்கம் வருவதற்கு எந்தத் தடுப்பூசியும் இல்லை. உதவியாளருக்கு எதிர்ப்பக்கக் கையைத் தூக்கச் சொல்லலாமா, எந்தக் கை கருவிகளின் வழியில் வராது என்பதையெல்லாம் முன்னாலேயே முடிவு செய்து, ஒருமுறை தூக்கிக் காட்டச் சொல்லிப் பழகிவிடுங்கள்.

இரண்டு, ஒருவர் சரியாகக் கேட்டிருக்கிறார்: நோயாளி பத்து நொடிக்கு ஒருமுறை தூக்கினால்? அங்கே எல்லையை மாற்ற வேண்டும். "ஐந்து எண்ணும் வரை வேலை, பிறகு நிறுத்தம்" என்று சொல்லி உரக்க எண்ணுவது நன்றாக வேலை செய்கிறது. எப்போது முடியும் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. எண்ணுவது உதவியாளரின் வேலை. அவளுக்கும் பிடிக்கும், ஆறுதல் வார்த்தை தேட வேண்டியதில்லை, எண் போதும். ஐந்து பத்தாகும், பத்து இருபதாகும். ஆகாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், தற்காலிக அடைப்பு வைத்து அனுப்பிவிடலாம். அது தோல்வி இல்லை.

ஜூன் 15, பின்னிரவு

பணியாளருக்குச் சைகை எங்கே? நோயாளி கையைத் தூக்கினால் எல்லாரும் நிற்கிறார்கள். உதவியாளர் திணறினால் யாருக்குத் தெரியும்? எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. "அந்த இன்னொரு டிரேயை எடுத்து வருகிறேன்" என்று சொன்னால் வேறொருவர் உள்ளே வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வார், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த டிரே இதுவரை வந்ததில்லை. மருத்துவர்களில் ஒருவருக்கு மட்டும் நீண்ட நாள் இது புரியவில்லை, "டிரே எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜூன் 19

பயமா, அத்துமீறலா? தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த கேள்வி.

அழுவது, நடுங்குவது, வாயைத் திறக்க மறுப்பது, திட்டுவது போல முனகுவது, தன்னையறியாமல் கையைப் பிடித்து நெரிப்பது. இதெல்லாம் பயம். பயத்துக்காக யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. பெயர் சொல்லி இழிவாகப் பேசுவது, வேண்டுமென்றே தள்ளுவது, உதவியாளரின் உடலைப் பற்றிப் பேசுவது, வெளியே காத்திருந்து மிரட்டுவது. இதெல்லாம் பயம் அல்ல. பயத்தோடு சேர்ந்து வந்தாலும் அல்ல. "பாவம், பயத்தில் செய்துவிட்டார்" என்று மருத்துவர் சொல்லும்போது, அந்த உதவியாளருக்கு அதைப் பற்றிப் பேசும் உரிமை பறிபோகிறது. உங்கள் கிளினிக்கில் ஆட்கள் நிலைக்காததற்கு இதுவும் காரணமா என்று பாருங்கள். விட்டுப் போகிறவர்கள் இதைக் காரணமாகச் சொல்லமாட்டார்கள். வீடு தூரம் என்பார்கள்.

எல்லை மீறினால் நிறுத்துவது யார் என்று எழுத்தில் இருக்க வேண்டும், அது உதவியாளராக இருக்கக் கூடாது. மருத்துவர் கருவியைக் கீழே வைக்க வேண்டும், நாற்காலியை நிமிர்த்த வேண்டும், நேராகப் பேச வேண்டும்: "இப்படிப் பேசினால் தொடர முடியாது." மருத்துவரே இதைச் சொன்னால் பெரும்பாலானோர் அடங்கிவிடுவார்கள். உதவியாளர் சொன்னால் சண்டையாகிறது. அநியாயம்தான், ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

குழந்தைகள் வேறு கதை. முரண்டு பிடிக்கும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்குவது ஒரு காலத்தில் பாடமாகவே இருந்தது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 2006 இல்தான் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. அப்போது பக்கத்தில் நின்றது யார் என்று யோசித்துப் பாருங்கள். பழைய உதவியாளர்கள் சிலர் அதைப் பற்றி இன்றும் பேசப் பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. குழந்தைக்கு முதலில் சொல்லி, பிறகு காட்டி, அதன்பின் செய்வது என்ற முறை 1959 லேயே வந்துவிட்டது. நேரம் பிடிக்கும் என்பதுதான் அதன் ஒரே குறை.

ஜூன் 23

கேள்வி கேட்ட டாக்டர் திரும்ப வந்திருக்கிறார். ஒரு தகவலைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பயந்த நோயாளிகளைக் கையாள்வதில் கெட்டிக்காரியான ஓர் உதவியாளர் இருந்தாராம், எல்லாரையும் அவரிடமே விடுவார்களாம், முதலில் போனவர் அவர்தானாம். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு யார் வந்தாலும் நிலைக்கவில்லையாம்.

டாக்டர், விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள்! நன்றாகச் செய்கிறாள் என்பதற்காக, கடினமான ஒவ்வொருவரையும் அவளிடம் அனுப்பியிருக்கிறீர்கள். மற்றவர்கள் சுத்தம் செய்வதும் பல் அடைப்பதுமாக இருந்திருப்பார்கள், அதே சம்பளத்தில். திறமைக்குக் கிடைத்த பரிசு அதிகத் துன்பம். இதைச் சரி செய்ய அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம்.

உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் 11 ஆவது பதிப்பு, 2019 இல் ஏற்கப்பட்டது, பணிச்சோர்வை நோயாக வைக்கவில்லை, வேலையிடம் சார்ந்த நிலையாக வைத்திருக்கிறது. சக்தி வற்றுவது, வேலையின் மேல் வெறுப்பும் விலகலும், செய்வதில் பயனில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும்தான் அதன் முகங்கள். வேலையிடத்தில் பிறந்ததை வேலையிடத்தில்தான் சரி செய்ய முடியும். தியான வகுப்பு, சுவரில் பொன்மொழி, மாதம் ஒரு கேக், இவையெல்லாம் அதைத் தொடுவதே இல்லை.

ஜூன் 24

"முறை வைத்து மாற்றிவிட வேண்டியதுதான்" என்று பலர் பதில் சொல்லியிருக்கிறார்கள். நானும் நேற்று இரவு அதையே எழுத இருந்தேன், காலையில் மனம் மாறிவிட்டது. பயந்த நோயாளிக்குப் பழகிய முகம் வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய ஆள் என்றால் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவும் பணியாளருக்குத்தான் சுமை. ஆகவே வரிசையாகச் சுற்றவிடுவது சரியில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் வருகையிலேயே இருவரும் அறிமுகமாகட்டும். ஒருவருக்கு ஒரே நாளில் கடினமானவர்கள் அடுத்தடுத்து வராதபடி பிரியுங்கள். கடினமானவரைக் காலையில் முதலாவதாக வையுங்கள். அவர் நாள் முழுக்க நினைத்து நினைத்துப் பயத்தை வளர்க்கமாட்டார், பணியாளரும் அப்போது களைப்பில்லாமல் இருப்பார்.

கற்றுக்கொடுக்கவும் செய்யலாம். அந்தக் கெட்டிக்காரி என்ன செய்தாள் என்று யாராவது பக்கத்தில் நின்று பார்த்தார்களா? பெரும்பாலும் அது மந்திரம் இல்லை. குரலைத் தாழ்த்துவாள், கருவித் தட்டைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பாள், நோயாளியைப் படுக்க வைத்த பிறகே ஊசியை எடுக்கச் சொல்வாள் (உட்கார்ந்தபடி ஊசி போட்டால் மயங்கி விழுபவர்கள் அதிகம்).

ஜூலை 2

மருத்துவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று ஒரு மருத்துவர் குறைபட்டிருக்கிறார். நியாயம். பயந்த நோயாளியின் வாய்க்குள் வேலை செய்யும்போது மருத்துவரின் தோளும் கழுத்தும் இறுகும், நேரம் தாமதமாகும், அடுத்தவர் வெளியே காத்திருப்பார். அந்த இறுக்கத்தை அவர் யாரிடம் காட்ட முடியும்? நோயாளியிடம் முடியாது. "உறிஞ்சியைச் சரியாகப் பிடி" என்று உதவியாளரிடம் ஒரு கடுகடுப்பு. அவள் போய்க் கருவி கழுவும் புதுப் பெண்ணிடம். இப்படித்தான் அது மாடிப்படி இறங்குகிறது. மருத்துவர் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, நோயாளி போனபின்: "கடினமாக இருந்தது, உன் மேல் கோபம் இல்லை." இதைச் சொல்லும் மருத்துவரோடு வேலை செய்திருக்கிறேன், சொல்லாதவரோடும் வேலை செய்திருக்கிறேன். முதல் வகையினருக்காகச் சனிக்கிழமையும் வந்திருக்கிறேன்.

ஜூலை 9

கடைசியாக ஒரு கேள்வி நிற்கிறது. "இதற்கெல்லாம் நேரம் வேண்டும், முதலாளி கொடுக்கமாட்டார், என்ன சொல்வது?"

நேரம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்லுங்கள். பயந்தவர் சிகிச்சையைத் தள்ளிப்போடுவார், பல் மேலும் கெடும், கெட்ட பல்லுக்குக் கடுமையான சிகிச்சை தேவைப்படும், அது பயத்தைக் கூட்டும், மீண்டும் தள்ளிப்போடுவார். ஸ்வீடனின் உல்ஃப் பெர்க்ரன் 1984 இல் இந்தச் சுழலை எழுதிவைத்தார். முதலாளியின் கண்ணில் அது வராமல் போன நோயாளியாக, காலியாகக் கிடந்த நாற்காலியாக, கடைசி நிமிட ரத்தாகப் படும். அதோடு புதிய உதவியாளரைத் தேடிப் பழக்குவதற்கு ஆகும் மாதங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொல்லியும் அசையாவிட்டால், ஒரு சின்ன உபாயம். கடினமான சிகிச்சைக்குப் பிறகு பணியாளருக்குப் பத்து நிமிட இடைவெளி என்று அட்டவணையில் எழுதாதீர்கள். அப்படி எழுதிய இடத்தில் மதியத்துக்குள் யாராவது ஓர் அவசர நோயாளியைச் செருகிவிடுவார்கள். அந்த நேரத்தை நோயாளியின் பெயரிலேயே, சிகிச்சையின் நீளமாகவே பதிந்துவிடுங்கள். அவருக்கு நாற்பது நிமிடம் போதுமென்றால் ஐம்பது என்று போடுங்கள். நோயாளிக்கான நேரத்தில் யாரும் கை வைப்பதில்லை.